முதல் போணி

ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் அறிவு எந்த இடத்தில் பணமாக மாறுகிறது? தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் ஈரச் சந்துகளில் அதற்கு ஒரு பதில் கிடைக்கிறது.

குளிர்காலக் காலை, மணி ஒன்பது. ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வந்தால் அரவிந்தோ மார்கின் ஒருபுறம் தில்லி ஹாட், மறுபுறம் மார்க்கெட். தில்லி ஹாட்டுக்குள் நுழைய டிக்கெட் வாங்க வேண்டும். மார்க்கெட்டுக்கு டிக்கெட் இல்லை. மூக்கைக் கொஞ்சம் தியாகம் செய்தால் போதும். மீன் வாடை, கொத்துமல்லி மணம், தேங்காய் எண்ணெயில் பொரியும் நேந்திரங்காய் வறுவல், பனிக்கட்டி உருகி ஓடும் தண்ணீர் எல்லாம் கலந்த வரவேற்பு அது. தண்ணீரைத் தாண்டிக் கால் வைப்பதற்குள் மூன்று பேர் இந்தியிலும் ஒருவர் மலையாளத்திலும் ஒருவர் அரைகுறை ஆங்கிலத்திலும் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் கறுப்பாக, நெற்றியில் விபூதியோடு வந்தால் "முருங்கைக்காய் இருக்கு சார்" என்று தமிழும் கிடைக்கும்.

ஐ.என்.ஏ. என்ற மூன்றெழுத்து இந்திய தேசிய ராணுவத்தைக் குறிக்கிறது. கடைப் பலகைகளின் முகவரியில் மோகன் சிங் மார்க்கெட் என்றிருக்கும். 1942ல் சிங்கப்பூரில் அந்த ராணுவத்தை முதலில் கட்டியவர் மோகன் சிங். மறு ஆண்டு நேதாஜி வந்து தலைமை ஏற்றார். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதில் சேர்ந்தார்கள். 'தில்லி சலோ' என்பது அவர்களின் முழக்கம். அவர்களில் பெரும்பாலோர் தில்லியைப் பார்க்கவே இல்லை. அவர்களின் ராணுவம் தில்லியில் ஒரு மார்க்கெட்டின் பெயராக வந்து சேர்ந்திருக்கிறது. வந்து சேர்ந்த தமிழர்கள் வேறு வகை. குமாஸ்தாக்கள், ஸ்டெனோக்கள், செக்ஷன் ஆபீசர்கள். லட்சுமிபாய் நகர், கித்வாய் நகர், சரோஜினி நகர் என்று சுற்றிலும் இருந்த அரசுக் குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தார்கள். லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் உண்டு. சனிக்கிழமை பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வாழைப்பூ வாங்க இங்கே வருவது அந்தக் குடும்பங்களின் வாராந்திரச் சடங்கு.

ஆனால் இந்த மார்க்கெட்டின் தனிக்குணத்தைத் தீர்மானித்தவர்கள் நாம் மட்டும் அல்ல. சாணக்யபுரியின் தூதரகங்கள் அருகிலேயே இருக்கின்றன. பட்டியலோடு வரும் தூதரகச் சமையல்காரர்கள், நட்சத்திர ஓட்டல்களின் கொள்முதல் ஆட்கள், ஜப்பானிய, கொரிய, ஆப்பிரிக்கக் குடும்பங்கள், மூங்கில் குருத்தைத் தேடி வரும் வடகிழக்கு மாநில மாணவர்கள் என்று எல்லோரும் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். ஊரில் எங்கும் கேட்காத பொருளை இங்கே கேட்பார்கள். கடைக்காரர் "இல்லை" என்று சொல்ல மாட்டார். "வியாழக்கிழமை வாருங்கள்" என்பார். இந்தியப் பொருளாதாரம் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் அது சாதாரண விஷயம் அல்ல. கடைசி 715 பொருட்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1 அன்றுதான் நீங்கியது. அதற்கு வெகு காலம் முன்பே இந்தச் சந்துகளில் உலகம் காய்கறியாக வந்து உட்கார்ந்திருந்தது.

சென்ற குளிர்காலத்தில் என் சித்தப்பா மகன் தில்லிக்கு வந்திருந்தான். வத்தலக்குண்டுப் பக்கம் ஊர். மனைவியை எய்ம்ஸ் மருத்துவமனையில் காட்ட வந்தவன், ஒரு காலை சும்மா இருந்தபோது என்னோடு மார்க்கெட்டுக்கு வந்தான். மீன் கடைகளைத் தாண்டிக் காய்கறிச் சந்துக்குள் திரும்பியதும் நின்றுவிட்டான். அவன் முன்னால் காளான் குவிந்திருந்தது. வெள்ளை வெளேரென்று மொட்டுக் காளான். பக்கத்துத் தட்டில் சாம்பல் நிறச் சிப்பிக்காளான்.

"என்னண்ணே, கத்தரிக்காய் மாதிரி கொட்டி வச்சிருக்கானுக" என்றான்.

அவன் ஏன் நின்றான் என்பது எனக்குத் தெரியும். 1996ல் அவன் காளான் போட்டவன்.

அப்போது அவனுக்கு இருபத்தி நாலு வயது. ஒரு பயிற்சி மையத்தில் சில நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி வந்தான். தென்னங்கீற்றில் ஒரு குடில் போட்டு, உள்ளே ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டான். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடித்து, பாலிதீன் பைகளில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்குக் காளான் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பினான். பைகளில் துளை போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டான். சில வாரங்களில் பைகள் வெள்ளையாகப் பூத்து, துளைகள் வழியே கொத்துக் கொத்தாகக் காளான் வெளியே வந்தது. பாடத்தில் சொன்னபடியே எல்லாம் நடந்தது. சித்தி பார்த்துவிட்டுச் சாமந்திப் பூ மாதிரி இருக்கிறது என்றாராம்.

வாங்கத்தான் ஆளில்லை. மழைக்குப் பின் இடி இடித்து முளைக்கும் குடைக்காளானைத் தேடிப் போய்ச் சாப்பிடும் ஊர் அது. வைக்கோலில் முளைத்ததைச் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். சந்தையில் ஒரு பாட்டி, "விஷமில்லேன்னு நீ மொதல்ல தின்னு காட்டு" என்றாளாம். தின்றும் காட்டினான். அப்படியும் விற்கவில்லை. பறித்த காளான் அன்று சாயங்காலமே துவண்டுவிடும். திண்டுக்கல் ஓட்டல் ஒன்று வாரம் இரண்டு கிலோ எடுத்தது. பஸ் சார்ஜுக்குச் சரியாகப் போயிற்று. பயிற்சி மையத்தில் போய்க் கேட்டான். வளர்ப்பதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், விற்பது உங்கள் பாடு என்று பதில் வந்தது. ஏழு மாதத்தில் குடில் ஆட்டுக் கொட்டகை ஆயிற்று. கடன் அடைய மூன்று வருஷம் ஆயிற்று. 'காளான்' என்பது ஊரில் அவன் பட்டப்பெயர் ஆயிற்று.

இப்போது அந்தப் பட்டப்பெயர்க்காரன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காளான் குவியலின் முன் நிற்கிறான்.

அந்தக் குவியலுக்கு ஒரு வரலாறு உண்டு. இமாசலப் பிரதேசத்தின் சோலனில் 1960களின் தொடக்கத்தில் மொட்டுக் காளான் வளர்ப்புச் சோதனைகள் ஆரம்பித்தன. 1983ல் தேசியக் காளான் ஆராய்ச்சி மையம் அங்கே உருவாயிற்று. கோதுமை வைக்கோல், கோழி எரு, ஜிப்சம் ஆகியவற்றைச் சேர்த்து மட்கவைத்து உரப் படுக்கை தயாரிப்பது, வேகவைத்த கோதுமையில் வித்து வளர்ப்பது, எந்த வெப்பத்தில் இழை பரவும், எந்த வெப்பத்தில் மொட்டு விடும் என்று கண்டறிவது ஆகிய எல்லாமே மெள்ள மெள்ளச் சேர்ந்த அறிவு. மலைக்குளிர் வேண்டிய பயிரை ஹரியானா விவசாயிகள் சமவெளிக்கு இறக்கினார்கள். சோனிபட் வட்டாரத்தில் மூங்கிலும் கூரைப்புல்லும் கொண்டு நீண்ட குடில்கள் கட்டி, வட இந்தியக் குளிரையே குளிர்சாதனமாக வைத்துக்கொண்டு பருவப் பயிராக வளர்த்தார்கள். குளிர்சாதன அறை கட்ட முதலில்லாத விவசாயியின் கண்டுபிடிப்பு அது.

என் தம்பி போட்ட குடிலுக்கும் சோனிபட் குடிலுக்கும் அறிவில் பெரிய வித்தியாசம் இல்லை. கீற்று அங்கே, புல் இங்கே. வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது. சோனிபட்டுக்காரன் விடியலில் ஏற்றினால் காலையில் தில்லி. தில்லியில் அதை முன்பே சாப்பிட்டுப் பழகிய, விலை கொடுக்கத் தயங்காத வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

இன்னொரு உதாரணம் இதைவிடத் தெளிவானது. காளானுக்கு அடுத்த தட்டிலேயே இருக்கிறது: பேபி கார்ன். பலர் இதைக் குள்ள ஜாதி மக்காச்சோளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அல்ல. சாதாரண மக்காச்சோளக் கதிரைப் பட்டு இழை தலைகாட்டிய இரண்டொரு நாளில், கருத்தரிக்கும் முன்பே ஒடித்துவிட்டால் அது பேபி கார்ன். செடியின் உச்சியில் வரும் ஆண் பூவை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் கதிர் முற்றி மதிப்பிழந்துவிடும். ஐம்பது, அறுபது நாளில் அறுவடை முடிவதால் வருஷத்துக்கு மூன்று, நான்கு போகம் எடுக்கலாம். பச்சைத் தட்டை மாட்டுக்குத் தீவனம். புதிய செடி வேண்டாம், புதிய நிலம் வேண்டாம். எப்போது ஒடிப்பது என்ற அறிவு மட்டும் போதும்.

சோனிபட் மாவட்டத்தில் அடேர்ணா என்றொரு கிராமம். அங்கே கன்வல் சிங் சௌஹான் என்ற விவசாயி 1990களின் இறுதியில் இந்தப் பயிரை எடுத்தார். கோதுமையும் நெல்லும் தவிர வேறெதையும் நம்பாத ஊர். ஆரம்ப நாட்களில் அவர் தம் விளைச்சலை விற்ற இடங்கள் ஐ.என்.ஏ. மார்க்கெட், கான் மார்க்கெட், சரோஜினி நகர், பிறகு நட்சத்திர ஓட்டல்கள். மற்ற கிராமத்தார் பார்த்துவிட்டுத் தாங்களும் இறங்கினார்கள். விளைச்சல் பெருகியபோது இந்தச் சில மார்க்கெட்டுகளால் தாங்க முடியவில்லை. 2009ல் சௌஹான் பதப்படுத்தும் ஆலை தொடங்கினார். பேபி கார்னும் காளானும் டப்பாவில் அடைபட்டு வெளிநாடு போயின. உரிக்கவும் தரம் பிரிக்கவும் கிராமத்துப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. 2019ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கிராமமே மாறிய கதையின் முதல் வரி எழுதப்பட்டது இந்த ஈரச் சந்திலும் இதன் தங்கைச் சந்தைகளிலும்தான்.

வியாபாரிகளுக்குப் போணி என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் முதல் விற்பனை. சென்னைப் பழ வண்டிக்காரரும் போணி என்கிறார், தில்லிக் கடைக்காரரும் போஹ்னி என்கிறார். முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவதில் இருவரும் ஒன்று. போணி ஆகாவிட்டால் நாள் ஓடாது என்பது நம்பிக்கை. மற்ற நாட்களுக்கு அது நம்பிக்கையாக இருக்கலாம். ஒரு புதுமைக்கு அது பொருளாதார விதி. அறிவைப் பொருளாக்க விஞ்ஞானி வேண்டும், துணிந்து இறங்க உழைப்பாளி வேண்டும், மூன்றாவதாகப் புதிதாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்கத் தயாராக ஒருவன் வேண்டும். மூன்றாம் ஆள் இல்லையென்றால் முதல் இருவரின் பாடும் ஆட்டுக் கொட்டகையில் முடியும்.

பழகிய பொருளில் நுழையும் புதுமைக்கு இந்தத் தொல்லை இல்லை. இதே மார்க்கெட்டில் அதற்கும் சாட்சி உண்டு.

மீன் வரிசைக்குப் போவோம். ரோகுவும் கட்லாவும் பனிக்கட்டியில் படுத்திருக்கின்றன. காஜிபூர் மொத்தச் சந்தையிலிருந்து வருபவை; ஆந்திராவின் கொல்லேறு வட்டாரக் குளங்கள் வட இந்தியாவுக்கே இந்த மீன்களை அனுப்புகின்றன. இந்தக் கெண்டை வகைகள் ஆற்று வெள்ளத்தில்தான் இனப்பெருக்கம் செய்யும். தேங்கிய குளத்தில் முட்டையிடாது. அதனால் குஞ்சுகளை ஆற்றிலிருந்து அள்ளித்தான் குளத்தில் விட வேண்டியிருந்தது. நல்ல மீனோடு கெட்ட மீனும் வரும். 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி, கே.எச். அலிகுஞ்ஞு ஆகிய விஞ்ஞானிகள் மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியில் செலுத்திக் கெண்டையை முட்டையிடவைத்தார்கள். ஆற்றை நம்பிய தொழில் அதன்பின் பொரிப்பகத்துக்கு வந்தது. அந்த நாள்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாக இன்றும் கொண்டாடப்படுகிறது. வங்காளிக்கு ரோகு சாப்பிடக் கற்றுத்தர யாரும் தேவைப்படவில்லை. அறிவு வந்தது, மீன் பெருகியது, விற்றுப்போயிற்று.

கேரளக் கடை வாசலில் கட்டிவைத்த முருங்கைக்காயும் அப்படித்தான். பாக்யராஜ் 1983ல் 'முந்தானை முடிச்சு' எடுத்து அதற்கு ஓசி விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே சாம்பாரில் அதன் இடம் நிரந்தரம். ஆனால் முருங்கை வேலியோரத்து மரமாக, கிளையை வெட்டி நட்டுக் காத்திருக்க வேண்டிய பயிராகத்தான் இருந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, விதை போட்டு ஆறே மாதத்தில் காய் பறிக்கும் செடிமுருங்கையைத் தேர்ந்தெடுத்து பி.கே.எம்.1 என்று பெயரிட்டது. பி.கே.எம். என்றால் பெரியகுளம். கிளையைப் பார்சலில் அனுப்ப முடியாது. விதையைக் கவரில் போட்டு அனுப்பலாம். ஓர் ஊரின் அறிவு இப்படித்தான் குஜராத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. மோரிங்கா பவுடர் என்று இன்று மேல்நாட்டுக் கடைகளில் விற்கும் சரக்கின் பின்னாலும் இந்தப் பெரியகுளம் விதை உண்டு.

மளிகைக் கடையின் மூட்டைகளில் 1121 என்று எண் போட்ட பாசுமதி இருக்கிறது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூசா வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2003ல் வெளியிட்ட ரகம். சமைத்தால் நீண்டு ஊசியாகும் சாதம். பாசுமதிக்கு வளைகுடா நாடுகளில் ஏற்கெனவே மவுசு இருந்தது. அதனால் பஞ்சாப், ஹரியானா வயல்களில் அது தீ மாதிரி பரவியது. 2023-24ல் இந்தியாவின் பாசுமதி ஏற்றுமதி சுமார் 48,000 கோடி ரூபாய். அதில் பெரும் பங்கு பூசாவில் பிறந்த ரகங்களுடையது. ஓர் ஆய்வு நிலையம் தனக்கு ஆகும் செலவைத் தேசத்துக்கு எத்தனை மடங்காகத் திருப்பித் தரும் என்று கேட்பவர்களை இந்த மூட்டையின் முன் நிறுத்தலாம்.

ஆக, பழைய பசிக்குப் புதிய அறிவு என்றால் சந்தை தானாக வந்து வாங்கிக்கொள்ளும். புதிய பசியையே உருவாக்க வேண்டியிருந்தால்? ப்ராக்கோலியை எடுத்துக்கொள்ளுங்கள். பூசா கழகத்தின் குல்லு பள்ளத்தாக்கு நிலையம் இந்தியாவுக்கு ஏற்ற ப்ராக்கோலி ரகத்தை 1990களிலேயே உருவாக்கிவிட்டது. அப்போது தில்லியிலேயே பலர் அதைப் பச்சைக் காலிஃபிளவர் என்று ஒதுக்கினார்கள். அதற்கு முதல் போணி செய்தவர்கள் தூதரகச் சமையல்காரர்கள். பிறகு கல்யாண கான்ட்ராக்டர்கள். அப்புறம் டாக்டர் சொன்னாரென்று நடுத்தர வர்க்கம். இன்று வாரச் சந்தையில் தரையில் விரித்து விற்கிறார்கள்.

இங்கே முப்பது வருஷமாகக் காய்கறி விற்கும் ஒருவரிடம் எந்தச் சரக்கு எடுபடும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தான் படித்ததில்லை, திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். பேபி கார்ன் விரல் நீளத்துக்கு மேல் போனால் ஓட்டல் சமையல்காரர் முகத்தில் எறிவாராம். ப்ராக்கோலியின் தலை இறுக்கமாக இல்லையென்றால் ஜப்பானியப் பெண்மணி ஒன்றும் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவாராம். அந்த மௌனம்தான் பெரிய திட்டு என்றார். அன்று இரவே சரக்குக் கொண்டுவருகிற விவசாயிக்குப் போன் போகும்: நாளையிலிருந்து சின்னதாக ஒடி.

இதுவும் அறிவுதான். எந்த நிறுவனத்திலும் பாடமாக இல்லாத அறிவு. ஆய்வுக்கூடத்திலிருந்து வயலுக்கு வரும் பாதையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சந்தையிலிருந்து வயலுக்குத் திரும்பிப் போகும் இந்தப் பாதையைப் பற்றிப் பேசுவதில்லை.

அரசுக்கு இது தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. சாலைக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். ஒரு சாக்கடை ஓடையை மூடி அதன் மேல் 1994ல் தில்லி சுற்றுலாத் துறையும் புது தில்லி நகராட்சியும் தில்லி ஹாட்டைக் கட்டின. கைவினைஞருக்குச் சுமார் இரண்டு வாரம் கடை. பிறகு அடுத்தவர் முறை. நெசவாளியே நின்று விற்கிறார். பட்டிலா பருத்தியிலா, எந்த நிறம் போகிறது என்று நேரில் காண்கிறார். ஊருக்குத் திரும்பும்போது பணத்தோடு ஒரு தகவலும் அவர் பையில் போகிறது. போணிக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய இடம் அது. மார்க்கெட் தற்செயலாகச் செய்ததை ஹாட் தெரிந்தே செய்கிறது. இரண்டும் ஒரே சாலையின் இருபுறமும் முப்பது வருஷமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

இந்தியா 2020-21ல் ஆராய்ச்சி, வளர்ச்சிக்குச் செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவிகிதம். தென்கொரியா நான்கு சதவிகிதத்துக்கு மேல் செலவழிக்கிறது. இதை உயர்த்த வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. கற்றுத் தரவும் அமைப்பு உண்டு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. இன்று 700க்கும் மேற்பட்ட நிலையங்கள். விற்கவும் ஏற்பாடு உண்டு. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, கத்தரிக்காய் விளைவித்தவனுக்கு இடைத்தரகர் இல்லாமல் விலை வாங்கிக் கொடுத்தது. ஆனால் அது தெரிந்த காய்க்கான சந்தை. யாரும் கேள்விப்படாத காயை விளைவித்தவன் அங்கே போய் உட்கார்ந்தால் மாலை வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கற்றுத் தருவதற்கும் விற்பதற்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது. முதல் ஆளாக வருகிறவன் அதில்தான் விழுகிறான். இரண்டாம் ஆள் அவன் முதுகில் கால் வைத்துத் தாண்டிப் போகிறான்.

அரசே முதல் வாடிக்கையாளராக இருக்க முடியாதா? மாணவர் விடுதிகள் இருக்கின்றன, மருத்துவமனைகள் இருக்கின்றன, சத்துணவுக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு வட்டாரத்தில் புதிய பயிரைக் கற்றுத் தரும் துறை, முதல் இரண்டு வருஷம் அதில் ஒரு பகுதியை அந்த வட்டாரத்து விடுதிச் சமையலறைக்கு வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தால் போதும். சிப்பிக்காளான் புரதம் நிறைந்தது என்று சுவரொட்டி அடிப்பதைவிட விடுதிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் காளான் குழம்பு ஊற்றுவது நல்ல பிரசாரம். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். வத்தலக்குண்டுக்குத் தூதரகம் வரப்போவதில்லை. விடுதி ஏற்கெனவே இருக்கிறது.

தூதரகங்களை நம்பிய ஐ.என்.ஏ. மார்க்கெட்டும் முன்பு போல் இல்லை. பக்கத்துக் கிழக்குக் கித்வாய் நகரில் மரத்தடிக் குடியிருப்புகள் போய் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016ல் ஒப்புதல் ஆயிற்று. பழைய தமிழ்க் குடும்பங்கள் ஓய்வுபெற்று துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும் சென்னைக்கும் போய்விட்டன. ப்ராக்கோலியைச் செல்போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். மார்க்கெட்டின் பழைய கைகள் இதைக் கசப்போடு சொல்கின்றன. "போனில் வாங்குகிறவர் யாரைத் திட்டுவார் சார்?" என்று அந்தக் காய்கறிக்காரர் கேட்டது எனக்கு வேடிக்கையாகப் பட்டது, பிறகு படவில்லை. செயலியில் நட்சத்திரம் போடலாம். ஏன் பிடிக்கவில்லை என்ற விவரம் வயலுக்குப் போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி. பட்டியலில் ஏறாத பொருளுக்கு அங்கே போணியும் இல்லை. 'வியாழக்கிழமை வாருங்கள்' என்று சொல்ல அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

காளான் குவியலின் முன் நின்ற என் தம்பி இன்னும் நகரவில்லை. ஒரு சிப்பிக்காளானை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தான். புரட்டிப் பார்த்தான். "ரெண்டு நாள் லேட்டா பறிச்சிருக்கான்ணே. ஓரம் சுருண்டு போச்சு" என்றான். ஏழு மாதம் மட்டும் செய்த தொழில். ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. நான் அதை இந்தியில் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர் காளான் போடுகிறவரா என்று கேட்டார்.

"போட்டவரு" என்றான் தம்பி, நான் மொழிபெயர்க்கும் முன்பே.

இப்போது வத்தலக்குண்டிலும் காளான் விற்கிறது; பரோட்டாக் கடையில் காளான் வறுவல் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். திரும்பவும் போடலாமே என்றேன். அவன் சிரித்தான். "அன்னைக்கு வாங்க ஆளில்ல. இன்னைக்குப் போடறதுக்கு நூறு பேரு இருக்கான்ணே. நடுவுல ஒரு நாள் இருந்திருக்கும்ல, அது எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியல" என்றான். அந்த ஒரு நாளைத் தெரிந்துகொள்ள அவனுக்குப் பக்கத்தில் ஒரு மார்க்கெட் இருந்திருக்க வேண்டும்.

கடைக்காரர் கால் கிலோவை நிறுத்துப் பையில் போட்டுவிட்டார். நாங்கள் கேட்கவில்லை. இன்னும் போணி ஆகவில்லை, காலையில் கைராசிக்காரர் வந்திருக்கிறார் என்றார். தம்பி என்னைக் காசெடுக்க விடவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கடைக்காரர் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார்.